காத்திருக்காத பாட்டு

பாப்பாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய அண்ணி சொல்வாள். ஐம்பதை எட்டப் போகிற மனுஷியைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று நம்மைக் கேட்டுப் பயனில்லை. அண்ணன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக் காவலாளி வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. டாக்டரம்மா ஒருவர்தான் மரியாதையாக மேடம் என்பார்.

மேடம் கணினி இசையில் முனைவர் பட்டம் வாங்கியவள். அரங்குகளில் அவள் இசையை நாலு பேர் கேட்டு, நாற்பது பேர் புரியாமல் கைதட்டிய காலமும் உண்டு. இப்போது ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், முன்பு போர்வையும் தலையணை உறையும் அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில், நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கும் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் கிடையாது. சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. அந்த அறைக்குள்ளேயே மேசைக்கும் கதவுக்குமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டே இருப்பாள்.

வேலை இதுதான். பார்க்கின்சன் வியாதி வந்தவர்களுக்குக் கை நடுங்குவதுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதைவிடக் கொடுமை கால் ஒட்டிக்கொள்வது. நடந்துகொண்டே வருவார்கள், திடீரென்று பசை போட்ட மாதிரி பாதம் தரையோடு நின்றுவிடும். உடம்பு முன்னால் போகும், கால் வராது, விழுவார்கள். அதிலும் வாசல்படி வந்தால் போச்சு. காதில் ஒரு தாளம் ஒலித்தால் ஒட்டிய கால் விடுபடும் என்பது டாக்டர்களுக்குப் பழைய செய்தி. ஆனால் கடிகாரம் மாதிரி டக் டக் என்று ஒரே சீரில் அடித்தால் மனுஷன் எத்தனை நாள் அதன் பின்னால் நடப்பான்? அதனால் பாப்பாவும் அவளோடு வேலை பார்க்கும் பொறியாளனும் சேர்ந்து ஒன்று செய்தார்கள். இடுப்பு பெல்ட்டில் ஒரு சில்லு, அதாவது சிப். மூளை நரம்புகள் வேலை செய்கிற விதத்திலேயே வேலை செய்கிற புதுவகைச் சில்லு அது. கெண்டைக்காலில் ஒட்டிய கம்பி வழியாகச் சதை துடிப்பதை வைத்தே, அடுத்த அடி எப்போது வரும் என்று கால் தூக்குவதற்கு முன்னால் அது கண்டுபிடித்துவிடும். அதற்கு ஏற்றபடி பாட்டின் தாளத்தை அந்த நொடியே இழுத்தும் கூட்டியும் காதுக்கு அனுப்பும். நடக்கிறவர் வேகமாகப் போனால் பாட்டும் வேகமாகப் போகும், நிதானித்தால் நிதானிக்கும். இந்தக் குணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அனுசரணை. திரையில் அதற்கென்று ஒரு திருகு உண்டு, அதை முழுக்கத் திருகி வைத்திருந்தார்கள். அதுதான் அவர்கள் பெருமை.

பொறியாளனை எல்லோரும் சிப்ஸ் என்பார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இரட்டைக் குழந்தைகள் என்பதால் தூங்காத கண்ணோடு வருவான், வந்து நன்றாகவே வேலை செய்வான்.

ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஜம்மென்று நடந்தார். தலைமையாசிரியையாக இருந்த ஓர் அம்மாள் வாசல்படியை அதட்டிவிட்டுத் தாண்டினார். தாண்டாதவர் ஒரே ஒருவர், பாப்பாவின் சொந்த அண்ணன். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவள் வீட்டில் நோய் தீரவில்லை என்றால் வயிறு எரியாதா?

திங்கட்கிழமை ஒத்திகை. ஆஸ்பத்திரியின் நீளத் தாழ்வாரத்தில், நடுவே ஒரு கதவு. விழாமல் பிடிக்க அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த துணிப் பட்டையைப் பின்னால் பிடித்தபடி அண்ணி. பக்கத்தில் கையை நீட்டியபடி பாப்பா. எங்கே விழுந்துவிடுவாரோ என்று அந்தக் கை மடங்கவே மடங்காது. அண்ணன் நன்றாகத்தான் கிளம்பினார். பாப்பாவின் காதிலும் அதே பாட்டு போய்க்கொண்டிருந்தது. கதவு நெருங்க நெருங்க அவர் நடை தளர்ந்தது, பாட்டும் தளர்ந்தது. இன்னும் தளர்ந்தார், அதுவும் தளர்ந்தது. கடைசியில் நிலைப்படிக்கு முன்னால் அவரும் நின்றார், பாட்டும் நின்றது.

"சில்லு சரியாத்தான் இருக்குக்கா. பாட்டுதான் இழுக்குது," என்றான் சிப்ஸ்.

"பாட்டா இழுக்குது? உன் தாளம் இழுக்குது. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"தாளத்தை நானா குடுக்கறேன்? அண்ணன் கால் குடுக்குது."

இவர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அண்ணன் சிலைபோல நின்றுகொண்டு, "யாராவது ஒரு முடிவுக்கு வாங்கப்பா, கால் வலிக்குது," என்றார்.

டாக்டரம்மா பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "பாருங்க மேடம், நான் பொல்லாதவ இல்ல. ஆனா போன மாசம் விழுந்ததுல தப்பிச்சதே பெரிசு. இன்னொரு தடவை விழுந்தா இடுப்பெலும்பு போயிடும். வெள்ளிக்கிழமை கடைசியா பார்ப்போம். கதவைத் தாண்டிப் போய்த் திரும்பி வரணும், யாரும் கை குடுக்கக் கூடாது. முடியலேன்னா அவரை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துட்டு, சக்கர நாற்காலிக்கு எழுதிடுவேன். நோய் முத்துது, அவ்வளவுதான். உங்க பாட்டு மேல தப்பில்ல."

நாற்காலியில் உட்காருவது ஒன்றும் அவமானமில்லை. ஆனால் அண்ணன் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. அவருக்கு வினோதமாகப் படி ஏறுவதில் சிரமமே இல்லை, சமதரையும் வாசலும்தான் எமன். நாற்காலி என்று ஆகிவிட்டால் அதைத் தூக்கி மாடிக்கு யார் கொண்டுபோவது? அண்ணிக்கு அவரைத் தாங்கித் தாங்கித் தோள்பட்டையே இறங்கிவிட்டது. அப்புறம் பராமரிப்பு இல்லம்தான். அதற்கான பேச்சு அந்த வீட்டில் ஏற்கெனவே தொடங்கி, பாதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. முழுசாகப் பேச இரண்டு பேருக்குமே தைரியமில்லை.

செவ்வாயும் புதனும் முழுக்கப் பாப்பா பாட்டை மாற்றிப் பார்த்தாள். அணிவகுப்பு மாதிரி ஒன்று போட்டாள். துள்ளலாக ஒன்று போட்டாள். அண்ணன் இளமையில் வாசித்த மெட்டுகளின் சாயலில் ஒன்று போட்டாள். அண்ணன் டிரம்ஸ்காரர். மெல்லிசைக் குழுவில் முடி நரைக்கும் வரை வாசித்தவர். தாளம் அவர் ரத்தத்தில் ஊறியது, அதனால் எல்லோரையும்விட அவர்தான் நன்றாக நடப்பார் என்று சிப்ஸோடு பந்தயமே கட்டியிருந்தாள். எந்தப் பாட்டைப் போட்டாலும் கதவுக்கு முன்னால் இரண்டும் ஜோடியாக நின்றன.

வியாழக்கிழமை விடிந்ததும் பெல்ட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். கூடத்திலிருந்து சமையலறை வாசல்வரை அவரை நடக்க வைத்தாள். உள்ளே அண்ணி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்தா சூடான டீ, வராட்டி ஆறின டீ," என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அண்ணன் வாசலில் நின்றுவிட்டார். பாட்டும் நின்றுவிட்டது.

"ஏண்ணா நின்ன?" பாப்பாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அது நின்னுச்சு, நானும் நின்னேன்."

"அது எங்க நின்னுச்சு? நீ மெதுவானே, அதனால அது மெதுவாச்சு. அதோட வேலையே அதுதானே?"

"இல்ல பாப்பா. வாசல்கிட்ட வந்ததும் அது தயங்குது. அடுத்த அடி வைக்கலாமா வேணாமான்னு என் முகத்தைப் பாக்குது. பாடற ஆள் தடுமாறும்போது டிரம்ஸ்காரன் விட்டுட்டுப் போகலாமா? அது பாவம் இல்லையா? வாம்மா, நிதானமா வான்னு இடம் விட்டு நின்னேன்."

பாப்பா அப்படியே சுவரில் சாய்ந்தாள். அடக் கடவுளே! இத்தனை நாளும் சிப்ஸும் அவளும் சில்லைப் பிரித்துப் போட்டு, சதையை அளந்து, மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா? இவருக்காக அது காத்திருக்கிறது, அதற்காக இவர் காத்திருக்கிறார். மரியாதை தெரிந்த இரண்டு பேர் ஒரே வாசலில் சந்தித்து, நீங்க போங்க, இல்ல இல்ல நீங்க போங்க என்று விடியும்வரை நின்ற மாதிரி. தபால்காரர் எந்தப் பாட்டையும் காதில் வாங்கிக்கொள்கிற ஆளே இல்லை, தன் பாட்டுக்கு நடப்பார், பாட்டு அவர் பின்னால் ஓடும். தலைமையாசிரியை வாழ்நாளில் யாருக்கும் காத்திருந்ததில்லை. கேட்டுக் கேட்டு வாசித்தே காலம் தள்ளிய ஒரு பக்கவாத்தியக்காரரிடம் கொண்டுபோய், சொன்னபடி கேட்கிற பாட்டைக் கொடுத்தால் யார்தான் முன்னால் போவது? தாளம் தெரிந்தவர் என்று பெருமைப்பட்டாளே, அந்தத் தாளம்தான் அவரைக் கட்டிப் போட்டிருந்தது.

"டீ ஆறிப்போச்சு," என்றாள் அண்ணி. யாரும் காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து பாப்பா விஷயத்தைச் சொன்னதும் சிப்ஸுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அனுசரணையைக் குறைக்கறதா? அக்கா, அதுதானே நம்ம ஆராய்ச்சியே! அது இல்லேன்னா கடைத்தெருவுல விக்கிற டக் டக் மெஷினுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"முழுசா எடுக்கச் சொல்லல. அவர் கால் எப்ப கிளம்பப் போகுதுன்னு சில்லுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுக்கிட்டு அவருக்காக நிக்கறதுக்குப் பதிலா, ஒரு மயிரிழை முன்னாடி போகட்டும். அவர் தளர்ந்தாலும் அது தளர வேணாம். அவ்வளவுதான். பொம்பளைங்களுக்குத்தான் அனுசரிச்சுப் போ, அனுசரிச்சுப் போன்னு சொல்லிச் சொல்லிக் கெடுத்தாங்க. இப்ப மெஷினையும் அப்படியே வளர்த்து வெச்சிருக்கோம்."

சிப்ஸ் சிரித்துவிட்டான். சிரித்ததும் பாதி ஒத்துக்கொண்ட மாதிரிதான். டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னார்கள். "முறைப்படி எழுதி வெச்சுட்டு மாத்துங்க. ஆனா பின்னாடி பட்டையைப் பிடிக்கிற ஆள் கண்டிப்பா இருக்கணும்," என்றார் அவர்.

மத்தியானத்துக்கு முன்னால் ஒரு தடவை நடக்க விட்டார்கள். பாட்டு இந்தத் தடவை நிற்கவில்லை, கம்பீரமாகக் கதவைத் தாண்டிப் போயிற்று. அண்ணன் இந்தப் பக்கமே நின்றார். பாப்பா அவரிடம் ஓடினாள்.

"பாட்டு உன்னை விட்டுட்டுப் போயிடுச்சேண்ணா! அதைப் பிடிக்க வேணாமா?"

"எங்க போயிடும்? திரும்பி வரும்." அண்ணன் சிரித்தார். வியாதி அவர் முகத்தை மரக்கட்டையாக்கியிருந்ததால் அந்தச் சிரிப்பு கண்ணில் மட்டும்தான் தெரிந்தது. "அது நீதானே பாப்பா? எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல நீ அப்படித்தான் பாடுவ. ஒரு வரி முடிஞ்சதும் திரும்பி என்னைப் பாப்ப. நான் தலையாட்டினாத்தான் அடுத்த வரி. இந்தப் பாட்டுலயும் வரிக்கு வரி திரும்பிப் பாக்கறே. உன்னை விட்டுட்டு நான் எங்க போறது?"

பாப்பா குனிந்து அவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "உங்க குழுவுல யாருக்காவது காத்திருக்காம வாசிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"மைக்ராசா!" அண்ணன் உடனே சொன்னார். "மைக்கைக் கட்டிப் பிடிச்சுட்டா விடவே மாட்டான். அதான் அந்தப் பேரு. திமிர் பிடிச்ச பய. பின்னாடி ஒருத்தன் வாசிக்கறான்னே நெனப்பு இருக்காது. அவன் பாட்டுக்குப் போவான், நான் விழுந்தடிச்சு ஓடணும். அப்படியே நாலு அறை விடலாமான்னு வரும். ஆனா உண்மையைச் சொல்லணும்ல? அவன் பாடற அன்னிக்குத்தான் என் கை நல்லா பேசும்."

அண்ணனுக்கு மத்தியானம் ஆனால் மாத்திரையின் வீரியம் இறங்கிவிடும், அதற்குமேல் நடக்க விட முடியாது. எனவே இனி ஒத்திகை கிடையாது. எழுதுவதை எழுதி, நாளைக்கு நேராகப் போட வேண்டியதுதான். பாப்பா சோப்பு வாசனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திருகைத் திருகியாயிற்று. ஆனால் அவளை யார் திருகுவது? எழுத உட்கார்ந்தால் முதல் வரி முடிந்ததும் விரல் தானாக ஓர் இடைவெளி விட்டது. அழித்தாள். மறுபடி வந்தது. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். தன்னுடைய இசையின் தனி அழகு என்று அரங்கில் பாராட்டினார்களே, அந்த மூச்சு, அந்த மௌனம், அந்தத் தயக்கம், எல்லாம் அண்ணனின் தலையாட்டலுக்குக் காத்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் பழக்கம்தானா? இத்தனை படிப்பும் பட்டமும் அதற்கு மேல் பூசிய சுண்ணாம்பா? அவளுக்குக் கோபம் வந்தது. தன் மேல் வந்தது, பிறகு அண்ணன் மேல் வந்தது. யார் இவரை நிற்கச் சொன்னது? எனக்காக நிற்கிறாராம்! இவர் நிற்பது உதவியா, உபத்திரவமா? நாளைக்கு இவரைத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ ஓர் இல்லத்தில் விட்டுவிட்டு வரும்போதும் எனக்காகத்தான் என்பாரா?

அந்தக் கோபத்தோடு எழுதினாள். ஒரு வரியின் வாலை மிதித்துக்கொண்டே அடுத்த வரி வந்தது. மூச்சு விட இடமில்லை, திரும்பிப் பார்க்க இடமில்லை. அவளுக்குப் பிடித்த வாத்தியம் ஒன்றுகூட அதில் இல்லை. கேட்டுவிட்டு சிப்ஸ், "அக்கா, இது நீங்க போட்டதா? ஓங்கி முதுகுல தட்டின மாதிரி இருக்கு," என்றான்.

"நான் போடல, மைக்ராசா போட்டது," என்றாள் பாப்பா. சிரிப்பாகச் சொல்லத்தான் நினைத்தாள், வரவில்லை.

வெள்ளிக்கிழமை. டாக்டரம்மா கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி பட்டையைப் பிடித்துக்கொண்டாள், கை வலிப்பதை முகத்தில் காட்டாமல். சிப்ஸ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பாப்பா இன்று அண்ணனுக்குப் பக்கத்தில் போகவில்லை. கதவுக்கு அப்பால் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்கு, ஓர் அடி இந்தப் பக்கம், ஓர் அடி அந்தப் பக்கம் என்று அலைந்தாள்.

பாட்டு தொடங்கியது. அண்ணன் கண்ணைச் சுருக்கினார். "யார்றா இவன்?" என்று முணுமுணுத்தார். கால் கிளம்பியது. பாட்டு அவரை விட ஒரு மயிரிழை முன்னால் போயிற்று. அவர் எட்டிப் போட்டார், அது இன்னும் முன்னால் போயிற்று. பாதி தூரத்தில் நடை தளர்ந்தது. பாப்பாவின் காதில் பாட்டு தளரவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்கே அது ஈவிரக்கம் இல்லாததாகத் தோன்றியது. நிறுத்திவிடு என்று சிப்ஸிடம் கத்தலாம் என்று வாய்வரை வந்துவிட்டது.

அண்ணன் கதவுக்கு முன்னால் நின்றார்.

பாதம் ஒட்டிக்கொண்டது. அண்ணி பட்டையை இறுக்கினாள். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். பாப்பாவை அறியாமல் அவள் கால்கள் நிலைப்படிவரை வந்துவிட்டன, கை தானாக நீண்டது. வழியை மறித்துக்கொண்டு, பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டியபடி நிற்கிறாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, காற்றில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் ஏறிற்று.

"போறான் பாரு, போறான் பாரு," என்றார். பிறகு தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். "ஒதுங்கு பாப்பா! வழியில நிக்காதே!"

பாப்பா துள்ளி விலகினாள். அண்ணன் நிலைப்படியைத் தாண்டினார். வலது கால், இடது கால், அடுத்தது, அதற்கு அடுத்தது. டாக்டரம்மாவையும் தாண்டி, சுவர்வரை போய், தட்டுத்தடுமாறித் திரும்பி, வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே மறுபடி அதே கதவு வழியாக வந்தார். அண்ணி பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"நாற்காலி இப்போதைக்கு வேணாம்," என்றார் டாக்டரம்மா. எழுந்து நின்று சொன்னார். "பெல்ட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். மாசாமாசம் கூட்டிட்டு வாங்க."

அண்ணன் மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்தார். "அந்தப் பயலுக்கு என்ன அவசரம்? ஆனா விடலையே நான்! பிடிச்சேன்ல?" என்று சிப்ஸிடம் கேட்டார். பிடித்தீர்கள் பிடித்தீர்கள் என்று அவன் தலையை ஆட்டினான்.

கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட பாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அண்ணி ஓடி வந்து அவளைத் திருப்பினாள்.

"ஏண்டி அழற? நல்லாத்தானே நடந்தார்? கண்ணாலே பாத்தியே!"

"என்னை ஒதுங்குன்னுட்டார் அண்ணி."

"அட, அதுக்கா அழற?"

"அதுக்குத்தான்," என்றாள் பாப்பா.